சிம்பன்சியின் பாதத்தைக் கவனிப்பது எப்படி: பிடி, நடை, ஏற்றம், தடம்

சிம்பன்சிக்கு நாலும் கைதான் என்று பலரும் சொல்வதுண்டு. அந்த நினைப்போடு பார்க்கத் தொடங்கினால் பாதிப் பாதம் கண்ணில் படாமலே போய்விடும். விலகி நிற்கும் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருப்போம்; குதிகால் தரையில் அழுத்தமாக ஊன்றுவதையும், குதிகால் எழும்போது பாதத்தின் நடுப்பகுதி மடங்குவதையும் தவறவிடுவோம். கிளையைப் பிடிக்கும் வேலையும் உடல் எடையைத் தரையில் தாங்கும் வேலையும் ஒரே உறுப்பில் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. உயிரியல் பூங்காவில் நேரில் பார்ப்பவருக்கும், காட்டில் எடுத்த வீடியோவை வைத்துப் பார்ப்பவருக்கும் இந்த வழிமுறை பொருந்தும்.

தொடங்கும் முன்

எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு லென்ஸ் உள்ள பைனாகுலர் போதும். அதைவிடப் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். வீடியோவுக்குப் போன் கேமராவே போதுமானது. ஆனால் நொடிக்கு 120 ஃபிரேம் என்ற ஸ்லோ மோஷன் அமைப்பில் எடுங்கள். சிம்பன்சி நடக்கும்போது ஒரு பாதம் தரையில் இருக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் குதிகால் எழுந்து, நடுப்பாதம் மடங்கி, விரல்கள் தரையை விட்டுவிடும். சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் மடங்கும் கணம் மங்கலான ஓரிரண்டு படங்களாகத்தான் கிடைக்கும். கண்ணாடித் தடுப்பு இருந்தால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மறையுங்கள். பிரதிபலிப்பு பெரும்பாலும் போய்விடும்.

எந்த நேரத்தில் பார்ப்பது என்பதும் முக்கியம். உணவைத் தரையில் பரவலாகப் போட்டிருக்கும் வேளையில் நடை நிறையக் கிடைக்கும். உயரத்தில் வைத்திருந்தால் ஏற்றம் கிடைக்கும். சாப்பிட்டு முடித்துச் சாய்ந்து உட்காரும்போதும், ஒன்றுக்கொன்று ரோமம் கோதிவிடும்போதும் உள்ளங்கால் நம் பக்கம் திரும்பும். உள்ளங்காலைப் படிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

காட்டுக்குப் போகிறவர்கள் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மாஸ்க் போட வேண்டும். சளி, இருமல் இருந்தால் போகவே கூடாது. ஐவரி கோஸ்டின் தாய் (Taï) என்ற காட்டில், மனிதரிடமிருந்து வந்த சுவாசத் தொற்றுகளால் சிம்பன்சிகள் இறந்திருப்பது ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. எந்தக் காட்சியும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

உட்கார்ந்திருக்கும் பாதத்தில் என்ன தேடுவது

எலும்புக் கணக்கில் வித்தியாசம் இல்லை. மனித பாதத்தைப் போலவே 26 எலும்புகள்: கணுக்கால், குதிகால் பகுதியில் 7, நடுவில் நீள எலும்புகள் 5, விரல்களில் 14. பெருவிரலில் இரண்டு துண்டு, மற்ற நான்கிலும் மும்மூன்று. மாறியிருப்பது அளவும், மூட்டுகளின் வடிவமும்தான்.

முதலில் பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே உள்ள பிளவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நம் காலில் அது விரல்களின் அடியோடு நின்றுவிடும். சிம்பன்சியில் அது பாதத்துக்குள் ஆழமாக இறங்கும். காரணம், பெருவிரலின் நீள எலும்பு கணுக்கால் பக்கத்து எலும்போடு சேரும் மூட்டு. மனிதரில் அந்த மூட்டு முன்னோக்கி, ஏறக்குறையத் தட்டையாக இருக்கிறது. எலும்பு அசைய இடமில்லை. சிம்பன்சியில் அது உருண்டு, உட்பக்கம் பார்த்து இருக்கிறது. அதனால் பெருவிரல் பக்கவாட்டில் விரிந்து, மறுபடி மற்ற விரல்களை எதிர்கொண்டு வளைய முடிகிறது.

அடுத்து மற்ற நான்கு விரல்கள். அவை நீளமானவை; எலும்பே வளைந்திருப்பதால் தளர்வாக இருக்கும்போதும் நேராக நீளாமல் சற்றுக் குவிந்தே இருக்கும். இதைப் பார்த்து ‘எதையோ பிடித்திருக்கிறது’ என்று குறித்துவிடுவது புதிதாகப் பார்ப்பவர்களிடம் அடிக்கடி நேரும் பிழை. பிடி என்று எழுத வேண்டுமானால் பொருள் விரல்களுக்குள் இருப்பது தெரிய வேண்டும், அல்லது பெருவிரல் உள்ளே இழுபட்டு உள்ளங்காலின் தசை மேடு திரண்டு தெரிய வேண்டும்.

அந்த மேட்டின் உள்ளே இருப்பது பெருவிரலை உள்ளிழுக்கும் தசை. சிம்பன்சியில் அது பெரியது. அதோடு இன்னொரு தசைநாணும் சேர்ந்து வேலை செய்கிறது. கீழ்க்காலின் வெளிப்பக்கத் தசையிலிருந்து கிளம்பி, பாதத்தின் வெளி விளிம்பைச் சுற்றி, உள்ளங்காலுக்குக் குறுக்காக ஓடி, பெருவிரலின் அடியில் போய்ச் சேர்கிறது அந்த நாண். சிம்பன்சியில் அது இழுத்தால் பெருவிரல் கிளையை இறுக்கும். நம்மில் அதே நாண் அதே பாதையில்தான் போகிறது, ஆனால் பெருவிரல் அசையாததால் பாத வளைவைத் தாங்கும் வேலையைச் செய்கிறது. உடற்கூற்றில் இதைவிட அழகான இடம் சிம்பன்சிப் பாதத்தில் இல்லை என்றே சொல்லலாம்.

உள்ளங்காலில் ரோமம் இராது. கைரேகை போன்ற வரிகள் முழுக்க ஓடும். வழுக்காமல் பிடிக்க அவை உதவுகின்றன. குட்டிகளுக்கு உள்ளங்கால் வெளிறிய இளஞ்சிவப்பு. வயதாக ஆகக் கருத்துப்போகும். உள் விளிம்பில் நமக்கு இருப்பது போன்ற வளைவு இல்லை. நகங்கள் தட்டையானவை. பக்கத்துக் கூண்டில் சிம்பன்சியின் நெருங்கிய உறவான போனபோ இருந்தால் இரண்டாம், மூன்றாம் கால்விரல்களுக்கு நடுவே தோல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போனபோக்கள் பலவற்றில் அது காணப்படும்.

நடையைப் படிப்பது

புல்தரையில் படம் எடுக்காதீர்கள். குதிகாலுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்பதுதான் முக்கியமான தடயம், புல் அதை மறைத்துவிடும். சிமென்ட் மேடை, அகலமான மரக்கட்டை, இறுகிய மண் ஆகியவை நல்லது. கேமரா தரை மட்டத்துக்கு அருகில், நடக்கும் திசைக்குச் செங்குத்தாக இருக்கட்டும். சாய்வாக எடுத்தால் மடங்காத பாதமும் மடங்கியது போலத் தெரியும்.

சிம்பன்சி தரையில் கைவிரல்களின் கணுக்களையும் முழுப் பாதத்தையும் ஊன்றி நடக்கிறது. ஸ்லோ மோஷனில் ஒரே ஓர் அடியை எடுத்துக்கொண்டு நான்கு கணங்களைக் குறியுங்கள்.

முதல் கணம், தொடுதல். குதிகால் தரையைத் தொடும். அதோடு பாதத்தின் வெளி விளிம்பும் ஏறக்குறைய சேர்ந்தே இறங்கும். குதிகாலை இப்படி ஊன்றுவது சிம்பன்சி, கொரில்லா போன்றவற்றின் தன்மை. பெரும்பாலான குரங்குகள் குதிகாலைத் தூக்கியே வைத்து நடக்கும். அடுத்த கூண்டுக் குரங்கை ஒரு நிமிடம் படம் பிடித்து ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

இரண்டாவது கணம், எடை முன்னே நகர்வது. அது வெளி விளிம்பு வழியாகப் போகும். மூன்றாவதுதான் நாம் காத்திருந்த கணம். குதிகால் தரையை விட்டு எழும், ஆனால் நடுப்பாதம் இன்னும் தரையிலேயே இருக்கும். பாதம் நடுவில் மடங்கும். மனிதரில் குதிகால் எழுந்தால் பாதம் முழுவதும் ஒரே விறைப்பான துண்டாக எழுந்து, விரல்களின் அடியில்தான் மடங்கும். எல்ஃப்ட்மன், மேன்டர் என்ற இருவரும் 1935இலேயே சிம்பன்சி, மனிதப் பாதங்களை ஒப்பிட்டு இதைக் காட்டினார்கள். மடிப்பு சரியாக எந்த மூட்டில் என்பது பின்னால் வந்த கேள்வி. வெளிப்பக்கத்தில் நான்காம், ஐந்தாம் விரல்களின் நீள எலும்புகள் கணுக்கால் பக்கத்து எலும்போடு சேரும் இடத்தில்தான் அதில் பெரும் பங்கு என்று ஜெரமி டிசில்வா 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே பாதத்தின் வெளிப்பக்கம் கேமராவுக்குத் தெரியும்படி நின்று எடுங்கள். உள்பக்கத்திலிருந்து எடுத்தால் பெருவிரல் மறைத்துக்கொள்ளும்.

மடிப்பைப் பார்த்ததும் இது மனிதரில் அறவே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சுமார் 400 பேரின் நடையைப் பரிசோதித்த 2013 ஆய்வில் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கு ஓரளவு நடுப்பாத மடிப்பு இருந்தது. பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

நான்காவது கணம், தரையை விடுதல். நமக்குக் கடைசி உந்தல் பெருவிரலில் முடியும். சிம்பன்சியில் பெருவிரல் பக்கவாட்டில் விலகியிருப்பதால் உந்தல் நடு விரல்கள் பக்கம் போகும். இதில் அடிக்கு அடி வேறுபாடு உண்டு: ஒரு அடியில் பெருவிரல் நன்றாக விரிந்திருக்கும், அடுத்ததில் ஒட்டியிருக்கும், சில அடிகளில் மற்ற விரல்கள் சுருண்டபடியே ஊன்றும். இரண்டு மூன்று அடிகளைப் பார்த்து எழுதிய குறிப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவது இதனால்தான். ஒரு சிம்பன்சிக்குக் குறைந்தது 20 அடிகளாவது சேர்த்த பிறகு பேசுங்கள்.

முன்னும் பின்னுமாகப் பார்க்கும்போது இன்னொன்று தெரியும். பின்கால் நீண்டு வந்து, ஊன்றியிருக்கும் கையைத் தாண்டி விழுகிறது. கையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பாதம் கைக்கு உட்பக்கமாகவும் மற்றது வெளிப்பக்கமாகவும் போகும். அதனால் உடல் போகும் திசைக்குச் சற்றே கோணலாக நகரும். எந்தப் பாதம் வெளியே போகிறது, அது மாறுகிறதா என்று குறியுங்கள். முன்புறத்திலிருந்து எடுத்த வீடியோவில் இது எளிதாகக் கிடைக்கும்.

இரண்டு காலில் நடக்கும் காட்சி எல்லோரையும் கவரும், ஆனால் சிம்பன்சியின் நாளில் அது சிறு பங்குதான். கைகளில் உணவைச் சுமக்கும்போதும், உயரமான புல்லுக்கு மேல் பார்க்கும்போதும், மிரட்டல் ஆட்டத்திலும் வரும். முழங்காலும் இடுப்பும் மடங்கியே இருப்பதைக் கவனியுங்கள். 5 சிம்பன்சிகளை டிரெட்மில்லில் நடக்கவைத்து 2007இல் வெளியான ஆய்வின்படி, மனித நடைக்குச் செலவாகும் ஆற்றல் சிம்பன்சி நடைக்குச் செலவாவதைவிடச் சுமார் 75 சதவீதம் குறைவு. கெண்டைக்காலையும் பாருங்கள்: நமக்கு நீண்ட குதிநாண் இருப்பதால் கணுக்காலுக்கு மேலே கால் மெலிந்துவிடும், சிம்பன்சியில் நாண் குட்டையானது, தசை கணுக்கால் அருகு வரை இறங்கும். அந்தக் கால் மரம் ஏற நல்லது. நீண்ட நாணில் ஆற்றலைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கும் வசதி மட்டும் அதற்கு இல்லை.

மரம் ஏறும்போது கோணத்தை அளப்பது

முதலில் மரத்தின் தடிமனைக் குறியுங்கள். இதை விட்டுவிட்டால் மற்ற குறிப்புகள் எதற்கும் உதவாது. மெல்லிய தண்டில் பெருவிரல் ஒரு பக்கமும் மற்ற நான்கும் எதிர்ப்பக்கமும் சுற்றிக்கொள்ளும். தண்டு அந்த ஆழமான பிளவுக்குள் போய் உட்காரும். சுற்றிப் பிடிக்க முடியாத பருத்த மரத்தில் கதை வேறு. உள்ளங்கால் உட்பக்கம் திரும்பி மரத்தின்மீது பதியும். முன்பாதம் கீழ்க்காலை நோக்கி வெகுவாக மேலே மடங்கும். இந்த மடக்கத்தால் இடுப்பு மரத்துக்கு அருகே வந்துவிடுகிறது, கைகளின் சுமை குறைகிறது.

உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் எடுத்த வீடியோக்களிலிருந்து டிசில்வா 2009இல் கணக்கிட்டது: ஏறும்போது சிம்பன்சியின் கணுக்கால் சராசரியாக 45.5 பாகை மேல்நோக்கி மடங்குகிறது. மனிதர் நடக்கும்போது இது 15 முதல் 20 பாகைக்குள்தான் இருக்கும். நம்மில் பலருக்கு 45 பாகை என்பது காயம் படும் எல்லை. நீங்களும் அளக்கலாம். பக்கவாட்டில் எடுத்த வீடியோவில் கால் முழு எடையைத் தாங்கும் ஃபிரேமை நிறுத்துங்கள். முழங்கால் நடுவிலிருந்து கணுக்கால் வரை ஒரு கோடு. குதிகாலின் அடியிலிருந்து நடுப்பாதம் வரை இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை 90இலிருந்து கழித்தால் கிடைப்பது மடக்கத்தின் அளவு. கினோவியா என்ற இலவச மென்பொருளில் கோணக் கருவி இருக்கிறது.

தவறு நேர்வது இரண்டாம் கோட்டில். அதை விரல் நுனி வரை இழுத்தால் நடுப்பாத மடிப்பும் கணக்கில் சேர்ந்து, கணுக்கால் உண்மையில் மடங்குவதைவிட அதிகமாகக் காட்டும். இன்னொரு சிக்கல் கேமராவின் இடம்: கீழேயிருந்து அண்ணாந்து எடுத்த படத்தில் கோணம் சுருங்கித் தெரியும். சிம்பன்சி ஏறும் உயரத்துக்குச் சமமாக, எதிரே ஒரு மேடையோ மேட்டுநிலமோ இருந்தால் அங்கே நில்லுங்கள். அப்படி இடம் இல்லையென்றால் தரையிலிருந்து முதல் இரண்டு மீட்டருக்குள் வரும் அடிகளை மட்டும் அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மடக்கம் எலும்பு வடிவத்தால் மட்டும் வருகிறது என்று நினைக்க வேண்டாம். உகாண்டாவில் தேனுக்காக மரம் ஏறும் ட்வா மக்களின் கணுக்காலும் சிம்பன்சிக்கு அருகே மடங்குவதாக 2013 ஆய்வு ஒன்று காட்டியது. அவர்களின் கெண்டைக்கால் தசை நார்கள் நீளமாக இருந்தன. எலும்பு நம்முடையதுதான், ஏறிப் பழகியதில் தசை மாறியிருக்கிறது.

கால் பிடிக்கும் பொருள்கள்

இங்கே பார்வையாளரைக் கெடுப்பது ஆச்சரியம். கால் பழத்தைப் பிடித்த ஐந்து நொடி நினைவில் நிற்கும். சும்மா ஊன்றியிருந்த இருபது நிமிடம் மறந்துவிடும். கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் சிம்பன்சி எப்போதும் காலால் எதையோ பிடித்துக்கொண்டே இருப்பதாக முடிவு வரும். ஜீன் ஆல்ட்மன் 1974இல் நடத்தை ஆய்வுக்கு வகுத்துக் கொடுத்த முறைகளை இதற்குப் பயன்படுத்துங்கள்: ஒரு சிம்பன்சியைத் தேர்ந்தெடுத்து, 30 நொடிக்கு ஒருமுறை மணி அடிக்கும்படி வைத்து, அந்தக் கணத்தில் பாதம் என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். நேரம், இடது வலது, எதன்மேல் இருக்கிறது, பெருவிரல் ஒட்டியா விலகியா இறுகியா, குதிகால் படிந்ததா, பொருள் ஏதும் உண்டா. இவ்வளவு போதும். பாதம் மறைந்திருந்தால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்பிய கட்டம் மொத்தக் கணக்கையும் கெடுக்கும்.

எதையெல்லாம் எதிர்பார்க்கலாம்? ஒரு கையாலும் ஒரு காலாலும் தொங்கிக்கொண்டு மறு கையால் பழம் பறிப்பது. பறித்ததைக் காலிடம் கொடுத்துவைப்பது. மாலையில் கூடு கட்டும்போது கிளைகளை ஒவ்வொன்றாக உள்ளே வளைத்து, விலகாமல் இருக்கக் காலால் மிதித்துப் பிடிப்பது. தாயின் வயிற்றில் தொங்கும் குட்டியின் பாதத்தைப் பாருங்கள்: ரோமத்தை விரல்களால் இறுகப் பற்றியிருக்கும். பெரிய மரங்களின் பலகை வேர்களைக் கையாலும் காலாலும் அறைந்து முழங்குவதும் உண்டு. காட்டில் அந்த ஓசை வெகுதூரம் கேட்கும்.

பிடியின் தன்மையையும் குறியுங்கள். கைக் கட்டைவிரல் செய்வது போல நுனியோடு நுனி சேர்த்துக் கிள்ளி எடுப்பதை இந்தப் பெருவிரலிடம் எதிர்பார்க்கக் கூடாது. இதன் பலம் தடித்த பொருளைச் சுற்றி இறுக்குவதில். சிறிய பொருளைப் பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ளும்.

கருவிகளோடு பாதம் சேர்ந்து வேலை செய்த இரண்டு இடங்கள் குறிப்பிடத்தக்கவை. காங்கோ குடியரசின் குவாலூகோ பகுதியில், மண்ணுக்கடியில் இருக்கும் கறையான் புற்றைத் துளைக்க வலுவான குச்சியைக் கைகளால் பிடித்து, நடுவில் காலாலும் பற்றி உள்ளே அழுத்துகின்றன. சியாரா லியோனின் தென்கேரேயில் முள் நிறைந்த இலவ மரத்தில் ஏறும் சிம்பன்சிகள் காலுக்கடியில் குச்சி வைத்துக்கொண்டதை ரோசலிண்ட் ஆல்ப் 1997இல் பதிவு செய்தார். செருப்பின் வாரை நாம் விரலிடுக்கில் பற்றுவது போல, பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே அந்தக் குச்சியைப் பற்றிக்கொண்டே அடி எடுத்து வைத்தன. பிடிக்கவும் ஊன்றவும் ஒரே நேரத்தில் முடிகிற பாதத்துக்குத்தான் இது சாத்தியம்.

தடம் எடுப்பது

பூங்காப் பராமரிப்பாளரின் அனுமதியோடு, சிம்பன்சிகள் உள்ளே வராத நேரத்தில், அவை வழக்கமாகப் போகும் வழியில் சலித்த ஈர மணலை 4 செ.மீ. கனத்துக்குப் பரப்பச் சொல்லுங்கள். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. காய்ந்த மணலில் விளிம்பு சரியும். ஈரம் அதிகமானால் பாதம் எழும்போது மணலையும் இழுக்கும். முதலில் அழிவது பெருவிரல் தடம்தான்.

நல்ல தடத்தில் பெருவிரல் பக்கவாட்டில் தனியாக நிற்கும். முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் குறுகலாக இருக்கும். நடுவில் வளைவின் வெற்றிடம் இராது. கைக் கணுக்கள் பதிந்த குழிகள் அருகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இருந்தால்தான் இது நாலு கால் நடைத் தடம் என்று உறுதியாகச் சொல்லலாம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழ, அளவுகோலை அருகில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள்.

வார்ப்பு வேண்டுமானால், ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூவிக் கலக்கி, தடத்தின் ஓரத்திலிருந்து மெல்ல ஓடவிடுங்கள். நேராக ஊற்றினால் விரல்களின் விளிம்பு உடையும். முக்கால் மணி நேரம் கழித்து, சுற்றிலும் மணலைத் தோண்டி அடியிலிருந்து தூக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பெருவிரல் முறிந்துவிடும். மணலையும் பிளாஸ்டர் துணுக்குகளையும் முழுக்க அள்ளிய பிறகே சிம்பன்சிகளை உள்ளே விட வேண்டும்.

இந்தத் தடத்தைத் தான்சானியாவின் லேடோலியில் மேரி லீக்கியின் குழு 1978இல் வெளிக்கொணர்ந்த, மனித மூதாதையரின் 36.6 லட்சம் ஆண்டுப் பழமையான தடங்களின் படத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே பெருவிரல் மற்ற விரல்களோடு ஏறக்குறைய ஒரே திசையில் நிற்கிறது. அதே சமயம், எத்தியோப்பியாவின் புர்ட்டேலேயில் 2009இல் கிடைத்த, ஆதி மனித இனம் ஒன்றின் சுமார் 34 லட்சம் ஆண்டுப் பழமையான பாத எலும்புகளில் பெருவிரல் விலகிப் பிடிக்கும் வகையிலேயே இருக்கிறது. நடக்கும் பாதமும் பிடிக்கும் பாதமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இருந்திருக்கின்றன.

காயம் பட்ட பாதம்

காட்டு வீடியோக்களில் விரல் இழந்த, பாதமே இழந்த சிம்பன்சிகள் வரும். உகாண்டாவின் புடோங்கோ, கிபாலே காடுகளில் சிறு மான்களுக்கும் பன்றிகளுக்கும் வைக்கும் கம்பி, நைலான் கண்ணிகளில் சிம்பன்சியின் கையோ காலோ மாட்டிக்கொள்கிறது. அறுத்துக்கொண்டு போனாலும் சுருக்கு இறுகி, ரத்த ஓட்டம் நின்று, அந்தப் பகுதி அழுகி விழும். தழும்பு வளையமாக இருந்தால் கண்ணிதான் காரணமாக இருக்கக்கூடும். இத்தகைய சிம்பன்சியின் நடை அளவுகளைத் தனித் தாளில் வையுங்கள்; மற்றவற்றோடு கலந்தால் இரண்டுமே தவறாகும். அது எந்த மரங்களைத் தவிர்க்கிறது, பெருவிரல் செய்ய வேண்டியதை எதைக் கொண்டு ஈடுகட்டுகிறது என்பதை எழுதுங்கள்.

பூங்காவில் ஒரு பாதத்தைத் தொடர்ந்து தரையில் படாமல் வைத்திருந்தாலோ, விளிம்பை மட்டும் ஊன்றினாலோ, நகம் வளைந்து சதைக்குள் போவது தெரிந்தாலோ, நேரமும் எந்தப் பாதம் என்பதும் குறித்த வீடியோவைப் பராமரிப்பாளரிடம் அன்றே காட்டுங்கள். தூரத்திலிருந்து பார்க்கும் அவர்களுக்கு, குதிகால் எழும் ஃபிரேமில் நிறுத்திய ஒரு படம் நீண்ட விளக்கத்தைவிட உதவும்.